வீட்டு லைனில் ஒரு வெல்டிங் மிஷின்

வெல்டிங் வேலைக்குப் போனால் கண் கெடும், கை பொசுங்கும் என்றுதான் எல்லாரும் பயமுறுத்துவார்கள். தெருவே பகையாகும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. வடக்கனந்தலில் என் வீட்டு வாசலில் பட்டறை போட்டபோது நான் வாங்கியது கம்பெனிகளில் ஓடுகிற பெரிய மிஷின். அதற்கு த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும். மனு போட்டிருந்தேன், கம்பம் நட்டதும் தருகிறோம் என்றார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் உலை கொதிக்காது. பல்பும் ஃபேனும் ஓடுகிற வீட்டு லைனிலேயே மாட்டிவிட்டேன். பிடிபட்டால் பட்டறையோடு வீட்டுக்கும் சேர்த்துக் கரண்டைப் பிடுங்கிவிடுவார்கள். என்னைப் போலத் திருட்டு முழி முழித்தபடி தொழில் செய்தவர்கள் யாராவது இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

முதல் போணி

பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் உடைந்த கலப்பையோடு வந்தார். வெல்டிங் குச்சியான ராடை வைத்தேன். வோல்டேஜ் போதாமல் பொறி கிளம்பவில்லை. ராடு கலப்பையில் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், கலப்பையும் சேர்ந்து வந்தது. காலால் மிதித்துக்கொண்டு பிடுங்கினேன். மறுபடி வைத்தால் மறுபடி ஒட்டியது. முகத்தை மறைக்கிற கண்ணாடித் தட்டி கையில் இருந்ததால் நான் வழிந்த அசடு அவருக்குத் தெரியவில்லை. ஆனால் மனுஷன் விவரமானவர்.

"கலப்பைய ஒட்ட சொன்னா குச்சிய ஒட்டிக்கினு நிக்கிறியே, இன்னாப்பா வேல இது?"

கம்பத்தில் குடித்தனம்

மிஷினில் கரண்டைக் கூட்டி வைத்தேன். ராடு ஜோராக எரிந்தது. கூடவே கம்பத்தில் ஃபியூஸும் எரிந்தது. லைன்மேன் சைக்கிளில் வந்து ஏறிப் போட்டுவிட்டுப் போனார். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. காரணம் யார் என்று அவருக்குத் தெரியும். நல்ல மனுஷன், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாவது முறை இறங்கும்போது மட்டும் என் வாசலைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னொரு வாட்டி போச்சுனா சொல்லுங்கண்ணா, மேலயே ஒரு வூடு கட்டிக்கினு குடி வந்துடறேன்."

மூன்று தட்டு

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா மாவு அரைத்து விற்கிறவர். நான் பற்ற வைத்தால் அவர் கிரைண்டர் முனகிக்கொண்டு நின்றுவிடும். கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். பற்ற வைக்கும் முன் சுத்தியலால் இரும்பில் மூன்று தட்டு தட்டுவேன். தெருவில் எல்லாரும் ஃபேன், மிக்ஸி, கிரைண்டரை நிறுத்திவிடுவார்கள். வேலை முடிந்ததும் குரல் கொடுப்பேன்.

ஒருநாள் நான் உள்ளே சாப்பிடப் போயிருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒருவர், சும்மா இருப்பானேன் என்று, வளைந்த கடப்பாரையை என் சுத்தியலால் தானே தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். சித்திரை வெயிலில் தெரு முழுக்க ஃபேன் நின்றது. நான் குரல் கொடுப்பேன் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். அஞ்சலை அக்கா வியர்த்து வடிய உள்ளே வந்து என் தட்டை எட்டிப் பார்த்தார்.

"நீ குந்திகினு சோறு துன்ற, நாங்க அங்க வெந்துகினு கெடக்கறோம்!"

கையெழுத்து

பயந்தது ஒருநாள் நடந்தது. மின்வாரிய அதிகாரி கையில் புகார்க் கடிதத்தோடு வந்து மிஷின் எதிரில் நின்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது. லைனைப் பிடுங்கச் சொல்லி அவர் வாயெடுக்கும்போது அஞ்சலை அக்கா கை நிறைய மாவோடு ஓடி வந்தார். "எழுதிக் கொடுத்ததே நீங்கதானேம்மா?" என்று அதிகாரி கடிதத்தைக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா அசரவில்லை.

"கையெழுத்து என்னுதுதான் சார். அது போன மாசம். இப்ப என் வூட்டு இரும்பு கேட்டு இவங்கிட்ட பாதியில நிக்குது. அது முடியட்டும், நானே மறுபடி எழுதித் தரேன், அப்ப வந்து புடுங்குங்க."

அதிகாரி சிரித்துவிட்டு, சீக்கிரம் த்ரீ பேஸ் வாங்கச் சொல்லிப் போய்விட்டார். அது வந்து சேர்ந்த நாள் வரைக்கும் அக்கா வீட்டு கேட்டில் ஒட்ட வேண்டிய கம்பி எப்போதும் ஒன்று பாக்கி இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.