பழைய எண்ணில் புதிய மூடி

பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் தவறை ஒரு பெண்ணின் மேல் போட்டேன். அவருக்கு வேலை போயிற்று. நான் மரியாதையோடு ஓய்வு பெற்றேன்.

பினாங்கில் தண்ணீர்ப் பம்புகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பாகங்களுக்கு எண் கொடுப்பது என் வேலை. விதி எளியது. மாற்றிச் செய்த பாகம் பழையதன் இடத்தில் பொருந்தினால் எண் அப்படியே இருக்கும், கடைசி எழுத்து மட்டும் மாறும். பொருந்தாவிட்டால் புது எண் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு பம்ப் மூடியின் போல்ட் துளைகளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்தோம். புது எண் என்றால் விலைப்பட்டியல் முதல் பெட்டிச் சீட்டு வரை திருத்த வேண்டும். சோம்பல்பட்டு 'ஏ'யை 'பி' ஆக்கினேன். எண் பொறிக்கும் மேசையிலிருந்த அந்தப் பெண், துளைகள் தள்ளிப்போனதால் மூடியில் கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை, என்ன செய்வது என்று கேட்க வந்தார். எழுத்தை விட்டுவிடுங்கள், எண் போதும் என்று வாயால் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வகை மூடிகளும் கலந்து போயின. தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பொருந்தாத மூடிகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. விசாரணையில், எழுத்தைப் பொறிக்க அவர் மறந்துவிட்டார் என்றேன். நான் வாயால் சொன்னதற்கு எழுத்துப்பூர்வமான சான்று இல்லை. அவர் பேச்சு எடுபடவில்லை.

சென்ற ஆண்டு லிட்டில் இந்தியாவில் வேட்டி வாங்கப் போனேன். கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். வாங்காமலே திரும்பினேன். மறுநாள் போய், பொய் சொன்னது நான்தான் என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்றீங்களா சார்? கம்பெனில போய் சொல்லுங்க லா. என் பேரு அங்கதான கெட்டுச்சு."

எழுதி, கையெழுத்திட்டு, புது மேலாளரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணை மட்டும் கேட்டார். பரிசோதனைப் பிரிவில் வேலை தருவதாக அழைத்தார்கள். அந்தப் பெண் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பழைய ஆட்கள் முன்னால் நான் உண்மையைச் சொன்னால்தான் வருவதாகச் சொன்னார்.

சொன்னேன். எண் பொறிக்கும் மேசைக்காரர் ஒருவர், "நாங்களும் நம்பிட்டோமே அக்கா" என்று அவரிடம் தலைகுனிந்தார்.

மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போன வாரம் ஆயர் ஈத்தாம் சந்தையில் என்னைப் பார்த்ததும் அவராகவே வந்து நின்றார்.

"இப்ப என் கையெழுத்து இல்லாம ஒரு சாமானும் வெளிய போகாது, தெரியுமா?"

தெரியாது என்றேன். சிரித்துக்கொண்டே கீரை வாங்கப் போனார்.