வாய் திறக்காத சண்முகவடிவு

சுசீந்திரத்தில் சண்முகவடிவின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. யாராயிருந்தாலும் முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிடுவாள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்த வாயை மூடினாள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஊரெல்லாம் தமிழ்நாட்டோடு சேருகிற பேச்சாக இருந்த ஐம்பத்து நாலில், புருஷன் அய்யம்பெருமாளுக்குக் காலில் நீர் கோத்தது. "இருதயம் தளந்துபோச்சு. உப்பு ஆகவே ஆகாது" என்று நாகர்கோவில் டாக்டர் கண்டித்துச் சொன்னார். அன்றே உப்புப் போட்டுவைக்கும் மரவை அவர் கண்ணில் படாமல் மறைந்தது. அவருக்கென்று தனிச்சட்டியில் குழம்பு கொதித்தது. விடிந்தால் வயல் என்று கிடந்த மனுஷன், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு கெஞ்சுவார்.

"ஏட்டி, ஒரே ஒரு கல்லு உப்பு."

"நான் தாலியோட இருக்கது ஒங்களுக்குப் பொறுக்கலியா?"

வீக்கம் வடிந்தது. வரப்புவரை நடக்கவும் செய்தார்.

அந்தச் சமயத்தில்தான் மகள் தாணம்மாளுக்குத் தேரூரிலிருந்து நல்ல இடம் வந்தது. தகப்பனுக்கு நெஞ்சு நோவு என்று தெரிந்தால், சீக்குப் பிடித்த குடும்பம் என்று தட்டிக்கழித்துவிடுவார்களே! சண்முகவடிவு மூச்சுவிடவில்லை. நிச்சயத்தன்று சம்பந்தியோடு ஒரே பந்தி. தனிச்சட்டியை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எல்லாருக்கும் விளம்பிய அவியலும் எரிசேரியும் அப்பளமும் அவர் இலையிலும் விழுந்தன. அவர் நிமிர்ந்து பார்த்தார். சாப்பிடுங்கள் என்று அவள் கண்ணைக் காட்டினாள். பாவி மனுஷன், எவ்வளவு ஆசையோடு சாப்பிட்டார்! நிச்சயத்துக்குப் பதிலாக அடுத்த கிழமை தேரூரில் சம்பந்தி வீட்டில் மறுவிருந்து. அங்கேயும் அதே கதைதான்.

திரும்பி வந்ததும் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. ஊசிக்கும் நீர் இறங்கவில்லை. மகள் கல்யாணத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

துட்டி கேட்க வந்த சம்பந்தி பார்வதியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அண்ணனுக்குச் சொகமில்லேன்னு பொண்ணு கேக்க வரும்பமே எங்களுக்குத் தெரியும் மைனி. மறுவிருந்துக்கு உப்பில்லாம தனியா ஆக்கியும் வச்சிருந்தேன். ஒங்க வீட்டுப் பந்தியில எல்லாத்தையும் சாப்பிட்டாருல்லா, கொணமாயிட்டு போலன்னு விளம்பாம விட்டுட்டேன். நீங்க ஒரு வாக்கு சொல்லியிருக்கப்பிடாதா?"

சண்முகவடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "நாந்தானே மைனி அவரைத் தின்ன வச்சேன்! நாந்தானே!"

வருஷம் கழிந்து தாணம்மாள் கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. அதற்குத்தான் ஒருநாளும் ஒரு ஆபத்தும் இருந்ததில்லையே.