அப்பாவின் இடது கால்

என் கணவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மாபேட்டையிலிருந்து ஒரு நெசவாளி வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, இழை முடிந்து முடிந்து காய்த்த விரல்கள். பேசும்போதெல்லாம் தோள்துண்டைப் பந்துபோல் சுருட்டுவார், பிரிப்பார், மறுபடி சுருட்டுவார்.

"கால்பந்தாட்டத்துல லெப்ட் அவுட்டுன்னா அவருதானுங்க அம்மணி. இடப்பக்கக் கோட்டை ஒட்டியே ஓடுவாரு, ஒருத்தனும் புடிக்க முடியாது. தறிய நிறுத்திப்போட்டு ஓடுவமுங்க பாக்க."

கூடியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

அப்போது என் ஒன்றரை வயது மகள், கீழே விழுந்த அந்தத் துண்டுப் பந்தை எட்டி உதைத்தாள். "வலது கால்!" என்று அதட்டினேன். எதற்கும் இடது காலையே முன்னால் வைக்கும் பெண்ணைத் திருத்தாவிட்டால், நாளைக்கு ஊர் என்னைத்தான் சொல்லும் என்று பயம்.

நெசவாளி பந்தை மறுபடி அவளிடம் உருட்டிவிட்டார். அவள் மறுபடி இடது காலால் உதைத்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அதட்டாதீங்க அம்மணி. இந்தக் குட்டிச் சாமிக்கு அப்பனோட காலுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. வீட்டில் என் கணவர் வலது காலை வைத்துத்தான் வாசல் தாண்டுவார்.

"தெரியுமே," என்றேன்.

அந்த நெசவாளியின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மகளை அதன்பிறகு அதட்டியதும் இல்லை. ஆனாலும் அவளிடம் அந்தக் காலை முதலில் கண்டுகொண்டது நானில்லையே என்ற எரிச்சல், அந்த மனிதர்மேல் இன்னும் தீரவில்லை.