சளிக் காகிதம்

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் ‘ஏன் அக்கா’. எந்த மருந்துச் சீட்டு கையில் கிடைத்தாலும் “இது ஏன்?” என்று கேட்டுவிடுவாள். மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள், மேலே படித்து, மருந்துகள் சரியாக எழுதப்படுகின்றனவா என்று ஆராயும் வேலைக்கு வந்திருந்தாள். எக்ஸ்ரே அறையை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் கழுத்துயர அட்டைப்பெட்டிகள். உள்ளே நாலாயிரம் சீட்டுகளின் நகல்.

கோழிக் கிறுக்கல்களை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க நாலு மாதம் ஆனது. வெறும் சளி என்று வந்த குழந்தைகளில் பத்துக்கு ஆறு பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதியிருந்தார்கள். சளிக்கு அது கேட்காது. வீணாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால், நிஜமாகவே தேவைப்படும் நாளில் கிருமி அதற்கு மசியாது. கணக்கு வாத்தியாரான அவள் கணவர் எண்களை மூன்று தடவை சரிபார்த்தார். “கூட்டல் சரி. சோறு எப்பன்னுதான் தெரியல” என்றார்.

டாக்டர்கள் கூட்டத்தில் அதைச் சொன்னபோது குழந்தைகள் பிரிவின் பெரிய டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

“பெட்டிக்குள்ள தலைய விட்டுட்டு கணக்குப் போடறது சுலபம்மா. ஒரு நாள் என் ரூம்ல வந்து உக்காந்து பாருங்க!”

கோபத்தில் சொன்னதை அவள் அழைப்பாகவே எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை நாற்காலியோடு போய் நின்றாள். மதியத்துக்குள் தொண்ணூறு குழந்தைகள். ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஏதாவது எழுதிக் கொடுத்தால்தான் அம்மாக்கள் எழுந்திருப்பார்கள் என்று டாக்டர் நம்பினார். அவர் அலட்சியமானவர் இல்லை, மூச்சுவிட நேரமில்லாதவர் என்று அவளுக்குப் புரிந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த மூன்று வாரம் வெளியே பெஞ்சில் அம்மாக்களோடு உட்கார்ந்தாள். பஸ் கண்டக்டராக இருந்த ஓர் அம்மா, சீருடையிலேயே மகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“மருந்துதான் வேணும்னு யாருங்க அடம்பிடிச்சா? இது எத்தனை நாள்ல போகும், எப்ப பயந்து ஓடி வரணும், அதைச் சொன்னா போதும். நான் பாட்டுக்குப் போயிடுவேன்.”

அவ்வளவுதான் விஷயம்! அன்றே அதை ஒரு பக்கத்தில் எழுதி, மறுநாள் கண்டக்டரை வரச் சொல்லிக் காட்டினாள். அவள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அக்கா, இதுக்கு அர்த்தம் சொல்லவே தனியா ஒரு டாக்டர் வேணும்!”

இருவரும் பெஞ்சிலேயே உட்கார்ந்து அடித்துத் திருத்தினார்கள். சளி பத்து நாள்வரை இழுக்கும். மூச்சு வாங்கினால், பால் குடிக்காவிட்டால், துவண்டு கிடந்தால் உடனே வரவும். கீழே ஒரு போன் நம்பர்.

டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்தக் குழந்தைக்காவது ஏதாவது ஆச்சுன்னா?”

“மூணாம் நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் பண்றேன் சார்.”

ஒரு மாதம் மட்டும் என்று ஒப்புக்கொண்டார். குழந்தையை நன்றாகப் பார்த்து, வெறும் சளிதான் என்றால் காகிதம் மட்டும் கொடுத்தார்.

அவள் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பேசினாள். “பேசறீங்களா, அவரே சொல்வாரு” என்று ஓர் அப்பா போனைக் குழந்தையிடம் கொடுக்க, அது நாய்க்குட்டியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியது. பதினோரு பேர் திரும்பி வந்தார்கள். அதில் இரண்டு பேருக்குத்தான் ஆன்டிபயாடிக் தேவைப்பட்டது, தாமதமில்லாமல் கிடைத்தது. எல்லோரும் தேறிவிட்டார்கள்.

மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால், பத்துக்கு ஆறாக இருந்தது ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினாள். அதே விடை. லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடினாள். டாக்டர் ஒரு குழந்தையின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்தார்.

“சார், பத்துல ஒண்ணுகூட இல்ல!”

அவர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார். “என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னாள். அவர் எழுந்து நின்று, அறை அதிரச் சிரித்தார். குழந்தை மிரண்டு அம்மாவைப் பார்த்தது; பிறகு அதுவும் சிரித்தது.

“அந்தக் கண்டக்டரம்மா நம்பர் இருக்கா? முதல்ல அவங்களுக்குச் சொல்லணும்” என்று டாக்டர் தன் போனை எடுத்தார்.