வில்லு டெய்லரின் நேரான கால்

கடைக் கண்ணாடி முன் நின்று, சாக்பீஸ் பிடித்த கையால் தன் வலது முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார் வில்லு டெய்லர். கடை திறந்ததும் இப்போதெல்லாம் முதல் வேலை இதுதான். "கோணலாத்தான் இருக்கு. யாரு என்ன சொன்னாலும் கோணலாத்தான் இருக்கு."

இரண்டு காலும் வில்லாய் வளைந்திருந்ததால் வந்த பெயர். அதில் அவருக்கு வருத்தமில்லை. குழந்தைகளுக்குத் தைத்தால், கேட்காமலே உள்ளே துணி விட்டு மடித்திருப்பார். "வளர்ற புள்ளைம்மா. பிரிச்சு விட்டா அடுத்த வருஷமும் ஆகும்." மீசை நரைத்த மனிதரிடமும் இதையே சொல்லி முறைப்பு வாங்கியிருக்கிறார்.

வெட்டு மேசை முன் நின்று நின்று மூட்டு தேய்ந்துபோக, சில மாதம் முன்பு வலது முழங்காலை மாற்றினார்கள். எலும்பை எங்கே, எவ்வளவு வெட்டுவதென்று கம்ப்யூட்டர் காட்ட, டாக்டர் வெட்டினாராம். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு, திரையிலேயே காட்டினார். நம் டெய்லருக்குத்தான் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நடந்தால் அந்தக் கால் மட்டும் தனியே எங்கோ கிளம்பிப் போகிறது.

"கம்ப்யூட்டர் அளவெடுத்துச்சு, சரி. ட்ரையல் பாத்துச்சா டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "இத்தனை வருஷம் வளைவையே நேர்னு நெனச்சு நடந்திருக்கீங்க. பழகணும். இடது காலையும் மாத்தலாமா வேணாமான்னு வெள்ளிக்கிழமை சொல்லுங்க."

அன்றிலிருந்து மனிதர் இருதலைக்கொள்ளி எறும்பு. படுத்தால் இடது முழங்கால் வலி தூங்க விடுவதில்லை. இப்படியே போனால் மேசை முன் நிற்க முடியாது, கடையை மூட வேண்டியதுதான். மாற்றினாலோ, மிச்சமிருக்கும் ஒரே பழகிய காலும் போய்விடும். பயம்தான். அதைச் சொல்ல வாய் வராமல், "யோசிக்கறேன்" என்கிறார்.

நேற்று மனைவி சாப்பாடு கொண்டுவந்தபோதும் அதே கண்ணாடி, அதே புலம்பல். "பாரு, தையல் எப்படி வெளிப்பக்கமா ஓடுது! கால் நேரா இருந்தா இப்படி ஓடுமா?"

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். "இது பழைய பேண்ட்டுதானே?"

"ஆமா."

"வளைஞ்ச காலுக்குன்னு வளைச்சு வெட்டுனது நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப கோணல் எதுல?"

டெய்லர் பேண்ட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "தெரியலடி" என்றார். பேண்ட் கோணல், சரி. நடக்கும்போது தோன்றுவது என்ன கோணல்? பாவம், நிஜமாகவே தெரியவில்லை.

இன்று தனக்கே ஒரு புதுப் பேண்ட் தைக்கிறார். வலது காலுக்கு ஸ்கேல் வைத்து நேர்க்கோடு. இடது காலுக்குக் கை தானாகவே பழைய வளைவைப் போடுகிறது. கத்தரியை எடுக்கிறார். பிறகு அந்த வளைகோட்டைத் தாண்டி மூன்று விரற்கடை துணி விட்டு வெட்டுகிறார். வளைவின் மேலேயே தையல் ஓட்டி, மிச்சத் துணியை நறுக்காமல் உள்ளே மடித்து வைக்கிறார்.