மஞ்சள் வருஷம்

பருந்துகளைக் கண்காணிக்கும் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ஏணிக்காரர் என்று பெயர். உயரமான மரங்களில் ஏறி, கூட்டிலிருக்கும் குஞ்சுகளின் இறக்கையில் எண் போட்ட வண்ணப் பட்டையை மாட்டுவார். வருஷத்துக்கு ஒரு நிறம். பறவை எவ்வளவு தூரத்தில் பறந்தாலும் எந்த வருஷத்துக் குஞ்சு என்று தெரிந்துவிடும். அவருடைய வாழ்க்கைக் கணக்கும் அப்படியே ஆகிவிட்டது. கல்யாணம் நீல வருஷம், வீடு கட்டியது பச்சை வருஷம்.

மஞ்சள் வருஷத்தில் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தார். குஞ்சுகள் பறக்க இன்னும் ஒரு வாரம்தான். அதற்குள் மாட்டினால்தான் உண்டு.

"போயிட்டு வாங்க, நான் எங்க பறந்துடப் போறேன்?" என்று மனைவியே சிரித்து அனுப்பிவைத்தார்.

ஆறாவது குஞ்சுக்கு மாட்டிவிட்டு இறங்கும்போது மரத்தடியில் மைத்துனர் நின்றிருந்தார். அவர் அழுத அழுகையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வானத்தில் மஞ்சள் தெரிந்தால் ஏணிக்காரர் தலையைக் குனிந்துகொள்வார். நாங்களும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டோம்.

நான்கு வருஷம் கழித்து, புதிதாகச் சேர்ந்த அதிகாரி ஒருநாள் துள்ளிக் குதிக்காத குறையாக ஓடிவந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு எதுவும் தெரியாது.

"அண்ணே, மஞ்சள் ஆறாம் நம்பர் திரும்பி வந்து கூடு கட்டியிருக்கு! நீங்க மாட்டினதுதான்!"

ஏணிக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"அது பறக்க ஒரு வாரம்தான் இருக்குன்னு தேதி போட்டுச் சொன்னாங்க, சார். அவளுக்கு ஒரு நாள்தான்னு ஒருத்தரும் சொல்லலியே."