குப்புராஜ் வீடு பார்க்கிறார்

கதவைச் சாத்திக்கொண்டு குப்புராஜ் ஒரு தரம் கத்துவார். ஒரே தரம்தான். வார்த்தை எதுவும் கிடையாது. காலில் கல் விழுந்தவன் போடுகிற சத்தம், அவ்வளவுதான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அசையாமல் நிற்பார். அந்த ஒரு நிமிடத்துக்குள் வெளியிலிருந்து யாராவது வந்து கதவைத் தட்டினால் வீட்டைப் பற்றி மேற்கொண்டு பேசுவார். யாரும் வராவிட்டால், "வாணாம் நைனா, அடுத்தத பாக்கலாம்" என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார். கும்மிடிப்பூண்டி பஜாரில் இப்படி ஏழு வீடுகளில் கத்தியிருக்கிறார்.

நான் பத்திரம் எழுதுகிறவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக மேசை போட்டிருக்கிறேன். வீடு வாங்க வருகிறவர்களின் கிறுக்கு எனக்கொன்றும் புதிதில்லை. எலுமிச்சம்பழம் உருட்டிப் பார்க்கிறவர்கள், கூடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டி அது எந்த மூலைக்கு ஓடுகிறது என்று குனிந்து பார்க்கிறவர்கள், பல்லி சொன்னால்தான் ஆயிற்று என்று மோட்டுவளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் என்று எல்லாரும் என் மேசைக்கு வந்தவர்கள்தான். நடுவீட்டில் நின்று கத்துகிறவரை மட்டும் நான் கண்டதில்லை.

"ஆளு தங்கமான ஆளு சார். ஆனா ஊட்டுக்குள்ள பூந்ததும் கூவறாரு. ஓனருங்க பயந்துக்கறாங்க. எனக்கு ஒரே பேஜாரா கீது" என்று புரோக்கர் அஸ்கர் அலி வந்து அழுதபோது, சாமியாடுகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதெல்லாம் இல்லை. சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலையில் முப்பது வருடமாக வேலை. வயது ஐம்பத்து மூன்று. வலது முன்கையில் ஒரு மயிர் கிடையாது, எல்லாம் அனலில் பொசுங்கிப்போனது. குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது. ஆலை இரைச்சலுக்குமேல் பேசிப் பேசித் தொண்டை அப்படிப் பழகிவிட்டது. வில்லங்கச் சான்றில் என்ன இருக்கிறது என்று அவர் என்னைக் கேட்டால், எதிர்க்கடைக்காரர் பதில் சொல்வார். காலை நாஷ்டாவை நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். பொத்தான் வைத்த பழைய செல்போன் ஒன்றைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டி, சட்டைப் பைக்குள் போட்டிருப்பார். மணிக்கொரு தரம் அது இரண்டு தடவை அடித்து நின்றுவிடும். பேச மாட்டார். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வார். அதற்கப்புறம்தான் கையிலிருக்கிற டீயைக் குடிப்பார்.

"யாருங்க, கம்பெனியா?"

"ஊட்ல சார். மிஸ்டு கால்."

"மணிக்கொரு மிஸ்டு காலா! இன்னும் நீங்க புது மாப்பிள்ளைதான் போங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பாவி, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீடில்லாத மனிதரும் இல்லை அவர். புதுவாயலிலிருந்து ஆரணி போகிற சாலையில், வயலை மேடாக்கிப் போட்ட மனைப்பிரிவில், சொந்தமாகக் கட்டிய வீடு இருக்கிறது. அந்தப் பத்திரம் நான் எழுதியதுதான், வருடக்கணக்கானதில் எனக்குத்தான் ஆள் மறந்துபோயிருந்தது. நல்ல காற்று, நல்ல தண்ணீர், சத்தம் சந்தடி இல்லை என்று அன்றைக்கு அவரிடம் சொன்னவனும் நான்தான். முந்நூறு மனையில் இன்றைக்கும் பதினோரு வீடுதான் எழும்பியிருக்கிறது. பஜார்க்காரர்கள் நிம்மதி வேண்டும் என்று வெளியே மனை தேடிப் போகிற காலத்தில் இவர் ஊருக்கு எதிர்த்திசையில் ஓடினார். அந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, பஸ் நிலையத்துக்கும் ரயிலடிக்கும் நடுவில், சந்தடி மிகுந்த இடத்தில், பழைய வீடானாலும் பரவாயில்லை என்று தேடினார். ஆலையில் கூட வேலை செய்கிற மோசஸ் ஒருநாள் என் மேசைக்கே வந்து தலையிலடித்துக்கொண்டார். "நீங்களாவது சொல்லுங்க சார். காத்தோட்டமா கீற ஊட்ட குட்த்துட்டு, இந்தப் புகையில வந்து குந்தறேன்றான்."

ஏழாவது வீட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, உமக்கு வீடு வேணுமா, இல்லே கச்சேரி பண்ண இடம் வேணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

குப்புராஜ் என் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் குரலைத் தாழ்த்தி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

"என் சம்சாரத்துக்கு வலிப்பு சார். வர்றப்ப ஒரே ஒரு கத்து கத்துவா. அவளுக்கே அது தெரியாது. அப்பறம் சத்தமே கெடையாது, உய்ந்துடுவா. மாத்திர போடறா, கொறஞ்சிகீது, நிக்கல."

போன தை மாதம் அவருக்குக் காலை ஷிஃப்ட்டு. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குள் போக வேண்டும். சாப்பாட்டு வேளையில் எடுத்துப் பார்த்தபோது பத்து மணி மிஸ்டு கால் இருந்தது, பதினொன்றுக்கு இல்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டும், ஆள் குறைவு என்று பாதியில் விடவில்லை. மூன்றரை மணிக்கு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், மனைவி திலகவதி அடுப்படியில் கிடக்கிறார். கொதித்துக்கொண்டிருந்த குழம்பு கவிழ்ந்து இடது கை முழங்கைவரை வெந்துபோயிருக்கிறது. நினைவு திரும்பியும் எழுந்திருக்கத் தெம்பில்லை.

"பக்கத்து ஊடு எரநூறு அடி தள்ளி சார். பகல்ல அங்கயும் ஆளு கெடையாது. கத்திகீறா. யாருக்குக் கேக்கும்? அதான், அவ கத்துற மாதிரியே கத்திப் பாக்கறேன். எந்த ஊட்ல ஆளு வருதோ, அந்த ஊடு போதும்."

"இதை ஏங்க முன்னாடியே சொல்லல?"

"யாருக்கும் சொன்னதில்ல சார். பொண்ணுக்குக் கல்யாணம் ஆவற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிக்கினா. பொண்ணு இப்ப பள்ளிப்பட்டுல நல்லா கீது. ஆனா சொல்லாம இருந்து இருந்து, சொல்ல வர மாட்டேங்குது."

எனக்கு வெட்கமாக இருந்தது. புது மாப்பிள்ளை என்று கேலி பேசிய வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? ஏதாவது பேச வேண்டுமே என்று, இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பார்களே என்றேன். அவர் தலையை ஆட்டினார். "பஸ்ல ரெண்டு வாட்டி வந்துச்சி. சாவிக்கொத்தக் கைல திணிச்சாங்க. நான் இரும்புலயே பொழைக்கிறவன் சார், அது ஒண்ணும் பண்ணாது. ஒருக்களிச்சிப் படுக்க வெச்சி, பக்கத்துல ஒரு ஆளு குந்தினா போதும்னு டாக்டரு சொன்னாரு. அந்த ஒரு ஆளுக்குத்தான் அலையறேன்."

எட்டாவது வீடு நசீரா அம்மாளுடையது. பழவேற்காட்டில் கருவாடு வியாபாரம் செய்த குடும்பம். கணவர் பஜாரில் கடை வைத்தபோது பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் வாங்கிய இரண்டு அறை வீடு. அவர் காலமாகி நாலு வருடம் ஆகிறது. அந்த அம்மாள் இப்போது மகள் நௌஷீன் வீட்டோடு போய்விடப் போகிறார். செல்போன் கடைக்காரர் ஒருவர் சாமான் போட்டு வைக்க அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நாப்பது வருசம் அடுப்பு எரிஞ்ச ஊடு. குடியிருக்கறவங்க வாங்கினா சந்தோசம். வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேன், அப்பறம் அவருக்குத்தான்" என்று அஸ்கர் அலியிடம் சொல்லியிருந்தார். நானும் குப்புராஜும் அஸ்கர் அலியும் போனது வியாழக்கிழமை. தாய்ப்பத்திரத்தை நகலெடுத்து வருகிறேன் என்று சாவியைக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

"சார், நீங்க வெளிய நில்லுங்க. யாரு திரும்பறாங்கன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுக் குப்புராஜ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் பின்பக்கமாக வர, கண்டக்டர் விசில் ஊதுகிறார். இன்னொன்று காற்று ஹாரனை அடிக்கிறது. பூண்டு விற்கிற வண்டி ஒன்று ஒலிபெருக்கியில் பதிவு செய்ததையே திருப்பித் திருப்பிப் போடுகிறது. இத்தனைக்கும் நடுவில் அவர் கத்தினார். கத்தப்போகிறார் என்று தெரிந்திருந்த எனக்கே அது ஊசி விழுந்த மாதிரிதான் கேட்டது. சந்தில் போகிற வருகிற ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மனைப்பிரிவில் அமைதி இருந்தது, ஆளில்லை. இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, காதில்லை. இந்த மனிதருக்கு எங்கே போய் வீடு தேடுவது என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஒரு நிமிடம் ஆனது. வெளியே வருவார், அடுத்தது பார்க்கலாம் என்பார் என்று நினைத்து, எதிரே அஸ்கர் அலி கூப்பிட்ட டீக்கடைக்குப் போய்விட்டேன். அவருக்கு முட்டிவலி. எந்த எண்ணெய் போட்டார், எந்த டாக்டரைப் பார்த்தார் என்று சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நானும் என் முதுகுவலியைச் சொன்னேன். உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

கதவை யாரோ படபடவென்று தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். பக்கத்து வாசலில் தோசை சுட்டு விற்கிற குப்பம்மாள், கையில் தோசைத்திருப்பியோடு நின்றுகொண்டிருந்தார்.

"யோவ்! உள்ள போன ஆளு! இன்னாய்யா பண்ற? போய் கால் மணி நேரமாவுது, ஆளையே காணோம்!"

பதிலுக்குக் காத்திராமல் கதவைத் தள்ளினார். தாழ் போட்டிருக்கவில்லை. குப்புராஜ் தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து வெளியே வந்து இன்னொரு தரம் 'வாணாம் நைனா' என்று சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. குப்பம்மாள் எங்கள் பக்கம் திரும்பினார். "கூட வந்தவனுங்களா நீங்க? ஒருத்தன் உள்ள போய் குந்திகினு கீறான், நீங்க டீ குடிச்சிகினு கீறீங்க. நல்லா கீதுய்யா நாயம்!"

நியாயம்தான். நான் தலை குனிந்து நின்றேன்.

"நான் கத்துனது கேட்டுச்சா யக்கா?" என்று குப்புராஜ் கேட்டார்.

"நீ எங்க கத்தின? இந்த எரைச்சல்ல இடி உய்ந்தாலே கேக்காது."

"அப்பறம் எப்பிடி வந்தீங்க?"

"இன்னாய்யா கேள்வி இது? உள்ள போனவன் வெளிய வரணுமில்ல? காலைலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் நான் இங்கதான் குந்திகினு கீறேன். யாரு வரான், யாரு போறான், எனக்குத் தெரியாதா?"

அதற்குள் நகலோடு திரும்பி வந்திருந்த நசீரா அம்மாள் சொன்னார்: "பத்து மணிக்கு நான் துணி ஒலத்த வெளிய வரலைன்னா இவ வந்து தட்டிடுவா. போன வருசம் சக்கர கொறஞ்சி நான் உய்ந்து கெடந்தப்ப இவதான் வந்து எழுப்பினா. என் வாய்லேர்ந்து ஒரு சத்தம் வரல."

குப்புராஜ் எழுந்து நின்றார். குப்பம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் திறந்து திறந்து மூடியது. அப்புறம் சொன்னார். தாழ்த்தி இல்லை, ஆலைக் குரலில், சந்து முழுக்கக் கேட்கும்படி: "என் சம்சாரத்துக்கு வலிப்பு வரும்!"

டீக்கடைப் பக்கம் நாலு தலைகள் திரும்பின. குப்பம்மாள் தோசைத்திருப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வந்தா வர்ட்டும். ஒரு சாவியக் கைல குட்த்தா நின்னுடப் போவுது."

"சாவிலாம் வாணாம் யக்கா. ஒருக்களிச்சிப் படுக்க வெச்சிட்டு, பக்கத்துல குந்துங்க. அது போதும்."

"குந்தறதுதானே? குந்தறேன்."

அவ்வளவுதான் பேச்சு. தோசை கருகுகிறது என்று அவர் ஓடிவிட்டார். ஏழு வீட்டில் கத்தி வாங்க முடியாததை இந்த மனிதர் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து வாங்கிவிட்டார். நான் அன்று சாயங்காலமே பத்திரத்துக்கு வாசகம் எழுத உட்கார்ந்தேன். நான்கெல்லையில் வடக்கே குப்பம்மாள் வீடு என்று எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது என்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ.

பதிவு முடிந்த அன்று திலகவதியும் வந்திருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. வெந்துபோன இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். ரேகை வைக்கக் கையைக் கேட்டபோது வலது கையை மட்டும் நீட்டினார். பிறகு எல்லாரும் சந்துக்குப் போனோம். நசீரா அம்மாள் இடுப்பிலிருந்து இரண்டு சாவிகளை எடுத்தார். பழைய காலத்துப் பூட்டு, விரல் நீளச் சாவி. மொத்தமே இரண்டுதான், மூன்றாவது கிடையாது என்று சொல்லிக் குப்புராஜ் கையில் கொடுத்துவிட்டு, வாசல் நிலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஒரு சாவியைக் குப்புராஜ் தன் மனைவியிடம் கொடுத்தார். திலகவதி கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. இன்னொரு சாவியோடு குப்புராஜ் அடுத்த வாசலுக்குப் போனார். கல்லில் கிடந்த தோசையைக் குப்பம்மாள் திருப்பிப் போடும்வரை நின்றார். மாவு ஒட்டிய அந்தக் கையைப் பிடித்து, சாவியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார்.

"அப்ப உனுக்கு?" என்றார் குப்பம்மாள்.

குப்புராஜ் தன் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கதவை இரண்டு தரம் தட்டிவிட்டு நின்றார்.